சைக்கிள் டைனமோவில் பதிந்த பாட்டு

நான் பாட்டுக் கட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. கட்டின பாட்டை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த நாள் ஞாபகம் வராத வரி நல்ல வரி இல்லை என்று விட்டுவிடுவேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில். வாவிக்கு மேற்கே இருக்கிற கரை. டவுன் இருப்பது எதிரே, எழுவான்கரையில். வாவியைக் கடக்க ஒரு மிதவை இருந்தது. அதை நாங்கள் பாதை என்போம். ஆள், சைக்கிள், மாடு, நெல் மூட்டை எல்லாம் அதில்தான் போகும். சண்டைக் காலத்தில் எங்கள் கரையில் இயக்கம் இருந்தது, அந்தக் கரையில் அரசாங்கத்தின் ஆமி இருந்தது. பாதையில் ஏறுமுன் ஒரு சோதனை. இறங்கினதும் ஒரு சோதனை.

எனக்கு வேலை வட்டையில். வட்டை என்றால் வயல்வெளி. போடியார் என்கிற பெரிய நிலக்காரர் ஒருவரின் காணிக்குத் தண்ணீர் பார்ப்பேன். வரம்பில் தண்ணீர் போவதற்கு வெட்டுகிற வாய்க்கு வக்கடை என்று பெயர். காலையில் அதை வெட்டிவிட வேண்டும், பின்னேரம் அடைக்க வேண்டும். நடுவில் உள்ள நேரம் வரம்பில் குந்தியிருக்க வேண்டியதுதான். பாட்டு அந்த நேரத்தில் வரும்.

வக்கடையை வெட்டிவிட்டன், தண்ணி போகல்ல
வாய் திறந்து கேட்டுப் பாத்தன், தண்ணி பேசல்ல

இதுதான் நான் கட்டின முதல் பாட்டு. கலியாணம் முடித்த வருடம் கட்டினது. ஊரில் பாடிக் காட்டினேன்.

"இது எந்தப் படத்தில வருது?" என்று கேட்டார்கள்.

"படத்தில இல்ல. நான் கட்டினது."

"ஓ." கொஞ்ச நேரம் கழித்து, "படப் பாட்டு ஒண்டு பாடன்."

எங்கே போனாலும் அதுதான் கதை. கோயிலில் சாமிப் பாட்டு வேண்டும். கலியாண வீட்டில் படப் பாட்டு வேண்டும். ஒருமுறை இயக்கத்தில் இருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, தங்களுக்கும் ஒரு பாட்டுக் கட்டித் தரச் சொன்னார்கள். முடியாது என்று சொல்கிற காலம் இல்லை அது. கட்டினேன், பாடிக் காட்டினேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார்.

"அண்ணன், இதில எல்லாரும் தண்ணிக்கு நிக்கிறாங்க. சண்டைக்கு ஆரும் போகல்லயே."

"எனக்கு வந்தது அதுதான் தம்பி."

சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு மேடையில் நின்று, நான் கட்டின பாட்டை நானே பாட வேண்டும். சனம் இருந்து கேட்க வேண்டும். இதைப் பெண்சாதியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும்.

பெண்சாதியின் தமையன் சவூதியில் வேலை செய்தவர். லீவில் வந்தபோது ஒரு ரேடியோ கசெட் கொண்டு வந்து தந்தார். பாட்டுப் போடலாம், பதியவும் செய்யலாம். ஆனால் எங்கள் கரையில் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டு வரத் தடை. ஒரு பற்றரி பையில் அகப்பட்டால் அன்றைய நாள் ஆமியின் காவலரணான சென்ரியில்தான் போகும். அதனால் ஊரில் எல்லோரும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினார்கள். சக்கரத்தில் டைனமோ உரசும், அதிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போகும். செய்தி கேட்பதும் அப்படித்தான், பாட்டுக் கேட்பதும் அப்படித்தான்.

சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவன் என் கூட்டாளி. அவனிடம் போய்ப் பாட்டுப் பதிய வேண்டும் என்றேன்.

"எத்தின பாட்டு?"

"பன்னிரண்டு."

"மச்சான், உன்ட பாட்டு நீளமா, என்ட கை நீளமா எண்டு பாப்பம்."

ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம். நான் பால்மா டின் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துத் தட்டினேன். அவன் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைப் பிடித்தான்.

"விரைவாச் சுத்தினா நாலு பாட்டோட கை போயிரும். ஆறுதலாச் சுத்துறன்," என்றான்.

ஆறுதலாகத்தான் சுற்றினான். ஏழாவது பாட்டில் கை மாற்றினான். ஒன்பதாவது பாட்டில் கூரையில் காகம் கத்தியது. நிறுத்தவில்லை. நிறுத்தினால் கசெட் வீணாகிவிடும். ஒரு கசெட்தான் இருந்தது.

முடிந்ததும் போட்டுக் கேட்டோம். அதே கை, அதே ஆறுதல். என் குரல் என் குரலாகவே வந்தது. டைனமோ இரைச்சல் கொஞ்சம் இருந்தது. கூட்டாளி கையை உதறிக்கொண்டே கேட்டான். "நல்லாத்தான் கட்டியிரிக்காய்," என்றான். படப் பாட்டுப் பாடச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கரை ஆண்கள் டவுனுக்குப் போவது குறைவு. போனால் திரும்பி வருவோமா என்று தெரியாது. சந்தைக்குப் போனது பெண்கள்தான். என் பெண்சாதி வாரத்தில் மூன்று நாள் வெண்டிக்காயும் கத்தரிக்காயும் கொண்டு பாதையேறுவாள். கசெட்டை அவளிடம் கொடுத்தேன். டவுனில் பாட்டு அடித்துக் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. ஒரு கசெட்டைக் கொடுத்தால் அதைப் போலப் பத்து அடித்துத் தருவார்கள். அங்கே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

சோதனையில் என்ன கசெட் என்று கேட்டார்களாம். வெண்டிக்காய்ப் பாட்டு என்று சொன்னாளாம். விட்டுவிட்டார்கள்.

அடுத்த கிழமை வந்து சொன்னாள்.

"இஞ்சேருங்க, உங்கட பாட்டு அங்க ஓடுது."

"எங்க?"

"கடையில. சந்தையிலயும். பஸ்ஸுக்குள்ளயும் போட்டிரிக்காங்க."

"சனம் என்ன சொல்லுது?"

"நல்லமெண்டு சொல்லுது."

அதற்கு மேல் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒன்றரை மாதம் இப்படியே போனது. எனக்கு வரம்பில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் கடைக்காரர் ஆள் அனுப்பினார், ஒருமுறை வந்து போகச் சொல்லி. நான் போவேன் என்றேன். பெண்சாதி வேண்டாம் என்றாள். ஏன் என்றால் காரணம் சொல்லவில்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அவளும் வந்தாள்.

அன்று சோதனையில் ஒன்றும் நடக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டார்கள், வயல் வேலை என்றேன். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

கடைக்காரர் என்னைவிட இளையவர். என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"வாங்க அக்கா. அந்தப் புள்ளையக் கூட்டி வந்தீங்களா?"

பெண்சாதி என்னைக் காட்டினாள்.

"இவர் ஆர்? புள்ளைட தகப்பனா?"

"தகப்பன் இல்ல தம்பி. இவர்தான் புள்ள."

கடைக்காரர் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பட்டனை அமத்தினார்.

ஒரு பெண் பிள்ளை பாடினாள். பதினாறு வயதுக் குரல். துள்ளித் துள்ளிப் பாடினாள். சொல் என் சொல்.

பாதை வரும் பாதை வரும் எண்டு பாத்திருந்தன்
பொழுது வந்து போயிட்டுது, பாதை வரல்ல

அந்தக் கரையில் இருந்து பெண்சாதி வந்து சேராத ஒரு நாள் நான் கட்டின பாட்டு அது. துறையில் நின்று கட்டினது. கசெட்டில் அந்தப் பிள்ளை பாடினதைக் கேட்டால், பாதை வராதது அவளுக்குச் சந்தோஷம் போல இருந்தது. டின் கிணுகிணு என்றது. காகம் கத்துகிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் ஏதோ ஒரு குருவி கத்தியது.

நின்று யோசித்தேன். கூட்டாளி ஆறுதலாகச் சுற்றினான். பதியும்போது மெதுவாக ஓடின கசெட் இங்கே கரண்டில் தன் வேகத்துக்கு ஓடுகிறது, என் குரல் மெலிந்து பெண் பிள்ளைக் குரலாகிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. எங்கள் கரையில் கரண்டில் போட்டுக் கேட்க வழியில்லை.

"ஒருக்காப் பாடுங்க பாப்பம்," என்றார் கடைக்காரர்.

பாடினேன். கடைக்கு வந்து நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். பிறகு கசெட்டைப் பார்த்தார்கள்.

"பாட்டு அதுதான். குரல் அதில்ல," என்றார் ஒருவர்.

கடைக்காரர் நல்ல மனிதர். அன்றே கடைக்குள் வைத்துக் கரண்டில் எல்லாப் பாட்டையும் திரும்பப் பதிந்தார். என் குரல் சரியாக விழுந்தது. இரைச்சல் இல்லை, காகம் இல்லை. வெளியே வந்து வெயிலில் நின்றபோது எனக்கு நம்பிக்கை இருந்தது.

பாதையில் வரும்போது பெண்சாதியிடம் கேட்டேன்.

"உனக்கு முன்னமே தெரியும்தானே?"

"ஓம்."

"ஏன் சொல்லல்ல?"

"உங்கட பாட்டு ஓடுது எண்டு நீங்க தேத்தண்ணி குடிக்கக்குள்ளயும் சிரிச்சீங்க. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டுட்டன்."

மூன்று கிழமை கழித்துச் சந்தையால் வந்தாள். புதுக் கசெட் எத்தனை போனது என்று கேட்டேன்.

"ரெண்டு. ஒண்டு திரும்பி வந்திட்டு."

"என்ன சொல்லித் திருப்பினாங்களாம்?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "அந்தப் புள்ளைட பாட்டை ஆரோ ஒரு ஆம்பிளை களவெடுத்துப் பாடியிரிக்கான் எண்டு."

நான் வட்டைக்குப் போய்விட்டேன். அன்று அடைக்கிற நேரம் வருமுன்னே வக்கடையை அடைத்துவிட்டேன். அடுத்த நாள் போடியார் ஏசினார்.

அதன் பிறகு ஒரு செய்தி வந்தது. எழுவான்கரையில் துறைக்குக் கிட்ட ஒரு கோயில். திருவிழாவில் பாட அந்தக் கசெட்டுப் பிள்ளை வேண்டுமாம். ஊரடங்கு என்றபடியால் கச்சேரி பகலில்தான். கோயில்காரர் கடைக்காரரிடம் கேட்டு, கடைக்காரர் பெண்சாதியிடம் சொல்லிவிட்டிருந்தார். அவள் இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் வெண்டிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"மறுகா, என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல." இரண்டு வெண்டிக்காயை முறித்துப் பார்த்தாள். "நான் பாடவா?"

"நீயா?"

"எனக்குத் தெரியாத பாட்டு உங்களிட்ட ஒண்டு இரிக்கா?"

இல்லை. நான் ஒரு வரியைப் பத்து முறை முணுமுணுத்தால், பத்து முறையும் கேட்பவள் அவள். அடுப்படியில் பாடுவாள். அவள் குரல் நல்ல குரல் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

"அவங்க பதினாறு வயசுப் புள்ளையெல்லோ பாத்திட்டு இருக்காங்க."

"வந்து பாக்கட்டும். ரெண்டு பெத்த புள்ள எண்டு சொல்லுறன்."

எனக்குக் கசந்தது. எத்தனை வருடம் வரம்பில் இருந்து கட்டினது. மேடை வரும்போது எனக்கு வரவில்லை. ஆனால் அவள் கேட்டதில் பிழை இல்லை. நான் போனால் சனம் எழும்பிப் போகும். ஒருவரும் போகாவிட்டால் பாட்டு வரம்பிலேயே கிடக்கும்.

"நீங்க வேணாமெண்டா விடுவம்," என்றாள்.

"பாடு," என்றேன்.

ஊரில் கதைத்தார்கள். மேடையேறி ஆடப் போகிறாளாம் என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள். "ஆடுறதெண்டா உன்னையும் கூட்டிப் போறன்கா, எனக்கு ஆட வராது," என்று என் பெண்சாதி திருப்பிச் சொன்னாள். அத்தோடு கதை நின்றது.

கச்சேரி நாள் நானும் கூடப் போனேன். டின் தட்ட ஆள் வேண்டும் என்று சாட்டு. உள்ளே வேறு நினைப்பு. அவள் நாலு பாட்டுப் பாடின பிறகு, ஒரு பாட்டு நான் பாடக் கேட்கலாம்.

பாதையால் இறங்கினோம். சென்ரியில் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான் ஆமி. வலை வீசப் போன நாளில் அட்டை மடிக்குள் கிடந்து தண்ணீர் பட்டு எழுத்து மங்கியிருந்தது. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"நீ இரு," என்றான். ஓரத்தில் கிடந்த பலகை வாங்கைக் காட்டினான்.

பெண்சாதி நின்றாள்.

"நீ போ," என்றேன்.

"நீங்க இல்லாம எப்பிடி?"

"டின்னைக் கொண்டு போ. கடைக்காரத் தம்பிட்டக் குடு, அவர் தட்டுவார். நேரம் போகுது."

போனாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன்.

வாங்கு நீளமானது. எனக்கு முன்னம் இரண்டு பேர் இருந்தார்கள். சூடாக இருந்தது. பத்து மணியளவில் கோயில் ஸ்பீக்கர் கேட்டது. முதலில் யாரோ பேசினார்கள். பிறகு அவள் குரல் வந்தது.

முதல் பாட்டில் நடுங்கினாள். எனக்குத்தான் தெரியும். இரண்டாம் பாட்டில் நடுக்கம் இல்லை. கசெட்டுப் பிள்ளையைப் போலத் துள்ளவும் இல்லை, என்னைப் போல இழுக்கவும் இல்லை. நடுவில் ஒரு வேகம் பிடித்திருந்தாள். பாதைப் பாட்டில் பாதை வராத கவலையும் இருந்தது, கை தட்டவும் முடிந்தது. நான் கட்டும்போது அது எனக்குக் கிடைக்கவில்லை.

காற்று மாறினால் குரல் போகும். பிறகு வரும்.

நான் கட்டின பாட்டு ஒன்று இருக்கிறது. கறிக்கு உப்பில்லை எண்டு நான் கோவிச்சன், கண்டபடி அவளை நான் ஏசிப் போட்டன். அவள் அதைப் பாடத் தொடங்கினாள். வாங்கில் இருந்தபடி நான் அடுத்த வரியை வாய்க்குள் சொன்னேன். ஸ்பீக்கரில் வேறு வரி வந்தது.

கறிக்கு உப்பில்லை எண்டு அவர் கோவிச்சார்
வாவியில உப்பிரிக்கி, போய்க் குடியும் எண்டன்

சனம் சிரித்த சத்தம் சென்ரிவரை வந்தது. பெண்களின் சிரிப்பு. திரும்பப் பாடு என்று கத்தினார்கள். திரும்பப் பாடினாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். காவல் நின்ற ஆமிக்குச் சொல் முழுதும் விளங்கியிருக்காது. சப்பாத்து நுனியால் நிலத்தில் தாளம் போட்டான்.

"பாட்டு நல்லம். உன்ட நோனாவா?" என்று அரைகுறைத் தமிழில் என்னைக் கேட்டான். நோனா என்றது பெண்சாதியை.

"ஓம்."

"நீ பாட இல்லையா?"

இல்லை என்றேன்.

பின்னேரம் அவள் வந்து சென்ரிக்கு முன்னால் நின்றாள். கழுத்தில் மாலை. அவளைக் கண்டதும் அட்டையைத் தந்து போகச் சொன்னார்கள். ஏன் வைத்தார்கள், ஏன் விட்டார்கள் என்று சொல்லவில்லை. மாலையைக் கழற்றி டின்னுக்குள் வைத்தாள். பாதையில் நாங்கள் இருவரும் ஒரு பக்கமாக நின்றோம்.

"அந்த வரிய எப்ப மாத்தின?"

"மேடையில ஏறின பிறகு. முன்னுக்கு இருந்தது எல்லாம் பொம்பிளையள். உங்கட வரியப் பாடினா நானே எனக்கு ஏசிற மாதிரி இருக்கும்."

"நல்லாரிக்கி."

"தெரியும்," என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் பாடினாள், நான் கட்டினேன். நாலு கசெட் வந்தது. எல்லாம் அந்தக் கடையில் கரண்டில் பதிந்தது. மட்டையில் அவள் பெயர் போட்டார்கள். என் பெயர் பின்பக்கம், சின்ன எழுத்தில். ஒருமுறை பிழையாகப் போட்டார்கள். மாமாங்கத் திருவிழா நேரம் அமிர்தகழியில் கடைகளில் எங்கள் பாட்டு ஓடினது என்று சொன்னார்கள். கதிரவெளியில் இருந்து ஒரு பெண், மகள் பெரிய பிள்ளையான வீட்டில் எங்கள் கசெட் போட்டதாக அவளிடம் சந்தையில் சொன்னாளாம். நான் ஒன்றையும் நேரில் பார்க்கவில்லை. அட்டை மாற்றிக் கொடுக்கும்வரை நான் பாதையேறவில்லை.

வருத்தமா என்று கேட்டால், இருந்தது. ஒவ்வொரு நாளும் இல்லை. அவள் வாயில் என் பாட்டு என்னிடம் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அது பாட்டுக்கு நல்லது. எனக்கு நல்லதா என்று பாட்டு பார்க்காது. நான் கட்டும்போதே அவள் குரல் காதில் கேட்கத் தொடங்கியது. உயரத்துக்குப் போகிற வரிகள் கட்டினேன், என் தொண்டைக்கு எட்டாத வரிகள். அப்படி ஒரு வருடம் போனது. பிறகு என்னால் பாடக்கூடிய பாட்டு ஒன்றும் என்னிடம் இல்லை.

ஒன்றைத் தவிர. அது அந்த வாங்கில் இருந்தபோதே கொஞ்சம் வந்தது. மீதி பிறகு, புது அட்டையோடு பாதையேறப் போன ஒரு நாள், எங்கள் கரைச் சோதனையில் காலை முழுதும் இருக்க வைத்தபோது வந்தது.

இரு எண்டாங்க, இருந்தன்
எழும்பு எண்டாங்க, எழும்பினன்
என்னத்துக்கெண்டு கேக்கல்ல
எனக்கும் அவங்களுக்கும் தெரியல்ல

யார் சொன்னது, எந்தக் கரை என்று பாட்டில் இல்லை. வைத்தால் பாட முடியாது. இரண்டு கரையும் ஒரே சொல்லைத்தான் சொன்னது.

அதைப் பெண்சாதிக்குப் பாடிக் காட்டினேன். எங்கள் கரையில் ஒரு கோயில் சடங்குக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். அதற்குப் புதுப் பாட்டு வேண்டும்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள். "இதை நான் பாட மாட்டன்."

"ஏன்? பிடிக்கல்லயா?"

"பிடிச்சிரிக்கி. நான் வாங்கில இருக்கல்ல. நீங்கதான் இருந்தீங்க. நான் மேடையில மாலையோட நிண்டன். நான் இதைப் பாடினா சனம் கை தட்டும்."

"தட்டட்டுமே."

"தட்டக் கூடாது. நீங்கதான் பாடணும்."

"என்ட குரலுக்கு ஆர் இருப்பாங்க? எழும்பிப் போவாங்க."

"போறவங்க போகட்டும்," என்றாள்.

சடங்கு நாள் வெயில் கடுமை. கோயில் முன்னால் பந்தல் போட்டு, மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் வைத்து மைக் கட்டியிருந்தார்கள். அவள் ஐந்து பாட்டுப் பாடினாள். உப்புப் பாட்டை இரண்டு தரம் கேட்டு வாங்கினார்கள். பிறகு அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த பாட்டு என்ட இல்ல. இவர்ட."

இறங்கிப் போய்ப் பெண்களோடு இருந்துவிட்டாள்.

நான் எழும்பினேன். சனம் என்னை டின் தட்டுகிறவனாகத்தான் தெரிந்து வைத்திருந்தது.

"பொஞ்சாதியப் பாட விடுங்க அண்ணே, நீங்க தட்டுங்க!" என்று யாரோ கத்தினார். சிரித்தார்கள். சைக்கிள் கடைக் கூட்டாளி பின்னால் நின்றான். அவனும் சிரித்தான்.

பாடத் தொடங்கினேன். என் குரல் ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்க எனக்கே வேறு மாதிரி இருந்தது. தடித்த குரல். கொஞ்சம் கரகரப்பு. இரண்டு வரி போகுமுன் பந்தலின் ஒரு பக்கம் எழும்பினார்கள். தேத்தண்ணி கொடுக்கிற பக்கம் போனார்கள். போகிறவர்களைப் பார்த்ததில் மூன்றாவது அடி மறந்துபோனது. நின்றேன். ஜெனரேற்றர் சத்தம் மட்டும் கேட்டது. எழுதி வைத்த காகிதம் இல்லை. பெண்சாதியைப் பார்த்தேன். அவளுக்கு அந்த அடி தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

முதலில் இருந்து தொடங்கினேன். இருந்தவர்களைப் பார்த்துப் பாடினேன். பாதிப் பேருக்கு மேலே போய்விட்டார்கள். மீதி ஆண்கள், சில தாய்மார். முழுதும் பாடி முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. ஒருவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். வெயிலாகவும் இருக்கலாம். நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். அவள் ஏறினாள். போனவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பி வந்தார்கள்.

பந்தலுக்குப் பின்னால் வேம்பின் கீழ் நின்றேன். ஒரு ஆள் வந்தார். எனக்கு வயது ஒத்தவர். தெரியாத ஆள்.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்று கேட்டார்.

"காலமயில இருந்து பின்னேரம் மட்டும்."

"என்னை ரெண்டு நாள்."

எந்தக் கரையில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை.

"என்ட தம்பியாரும் அங்கதான் இருந்தவர். என்னை விட்டு நான் வரக்குள்ள அவர் வாங்கில இருந்தார். அதுக்குப் பிறகு காணல்ல," என்றார். பிறகு, "அதைத் திரும்ப ஒருக்காப் பாடுவீங்களா?" என்று கேட்டார்.

மேடையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். சனம் கை தட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஒன்று எங்கள் தலைக்கு மேலேதான் கட்டியிருந்தது. அதனால் அவர் காதுக்குக் கிட்டப் போய், அவருக்குக் கேட்கிற அளவில் பாடினேன்.